யானை முதுகில் ஒருவர், மண்டியிட்டு ஒருவர்

"படம் எடுக்கிறது மாசத்துல அஞ்சு நாள்தான் மாமா. மிச்ச நாளெல்லாம் எடிட்டிங், ஆல்பம் வேலை, பாக்கி வசூல்."

சோழிங்கநல்லூரில் ஒன்பது வருஷம் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கப் போன என் அக்கா மகன் சொன்னது. அலுத்துக்கொண்டு சொல்லவில்லை, கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னான். பிறகு கேட்டான்: "நடுவுல தொழிலை மாத்திக்கிட்டுப் பெரிய ஆளானவங்க கதை நிறைய இருக்கு. ஆனா நடுவுல இருந்த வருஷங்களை எப்படி ஓட்டினாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே?"

ஜெயித்த கதையை அவன் கேட்கவில்லை, ஓட்டிய கதையைக் கேட்டான். அந்தக் கேள்வி சில வாரம் என்னை விடவில்லை. எனக்குப் பிடித்த இரண்டு பேரை அந்தக் கேள்வியோடு மறுபடி படித்தேன், அவர்கள் படங்களை மறுபடி பார்த்தேன். ஒருவர் நம்மூர்க்காரர், மா. கிருஷ்ணன் (1912–1996). இன்னொருவர் பிரேசில்காரர், செபஸ்தியாவோ சல்காடோ (1944–2025). முன்னவர் தாவரவியலும் சட்டமும் படித்து, சமஸ்தான உத்தியோகம் பார்த்து, பிறகு கேமராவும் பேனாவுமாகக் காட்டுக்குப் போனவர். பின்னவர் பொருளாதாரம் படித்து, சர்வதேச அமைப்பொன்றில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். காட்டுமிருகங்களை எடுத்தவரையும் சுரங்கத் தொழிலாளிகளை எடுத்தவரையும் எதற்காக ஒரே தராசில் வைக்க வேண்டும் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

சல்காடோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் வேலையை விட்ட கதை கதைபோலவே இருக்கிறது. பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம், ஐமோரெஸ் என்ற சிற்றூர். அப்பா மாடு வளர்க்கும் பண்ணைக்காரர். ஏழு அக்கா தங்கைகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. சாவோ பாவ்லோவில் பொருளாதாரத்தில் முதுகலை முடித்தார். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த நாடு அது. அதை எதிர்த்த மாணவர்களில் சல்காடோவும் மனைவி லேலியாவும் உண்டு. 1969இல் இருவரும் பாரிசுக்குக் கிளம்பினார்கள். அங்கே முனைவர் படிப்பு, பிறகு 1971இல் லண்டனில் சர்வதேசக் காபி அமைப்பில் வேலை. காபி விளையும் நாடுகளும் காபி குடிக்கும் நாடுகளும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு விலை சரியாமல் பார்த்துக்கொள்ள உண்டாக்கிய அமைப்பு அது. உலக வங்கித் திட்டங்களுக்காக ஆப்பிரிக்காவுக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. ருவாண்டாவில் தேயிலை, காபித் தோட்டத் திட்டங்கள்.

லேலியா கட்டடக்கலை மாணவி. கட்டடங்களைப் படமெடுக்க அவர் ஒரு பென்டாக்ஸ் கேமரா வாங்கியிருந்தார். அதைக் கடன் வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்கா போன சல்காடோ, திரும்பி வந்து எழுத வேண்டிய அறிக்கைகளைவிட ஃபிலிம் சுருள்களே தனக்கு நிறைவு தருவதைக் கண்டுகொண்டார். 1973இல் வேலையை விட்டார். வயது 29. அடுத்த வருஷமே முதல் குழந்தை.

கிருஷ்ணன் கதையில் இப்படி ஒரு திருப்பம் கிடையாது. அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி அவர். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதிய மாதவையாதான். மாதவையாவும் உப்பு இலாகா உத்தியோகத்திலிருந்து காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் அச்சகம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' பத்திரிகை நடத்தியவர். 1925இல் அவர் இறந்தபோது கிருஷ்ணனுக்கு 13 வயது. அரசாங்கச் சம்பளத்தைவிட்டு எழுத்தை நம்பி இறங்கிய ஒரு மனிதரை அந்தப் பையன் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து வளர்ந்திருக்கிறான். அதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஃபைசனிடம் தாவரவியல். அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி சேகரிக்கப் போனார். ஃபைசன் மனைவியிடமிருந்து நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களைப் பிடித்துக்கொண்டார். எம்.ஏ. முடித்து, 1936இல் சட்டமும் படித்து முடித்தார். மதிப்பெண் பிரமாதமில்லை, வேலையும் எளிதாகக் கிடைக்கவில்லை. சித்திரம், கேலிச்சித்திரம், சிறு கட்டுரை என்று பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1942இல் பெல்லாரிப் பக்கத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானம் கூப்பிட்டது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னருக்கு அரசியல் செயலாளர் என்று அங்கே பார்க்காத வேலையில்லை. இடையே ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார், மலைக்காட்டில் இஷ்டத்துக்குத் திரிந்தார். 1949இல் சமஸ்தானம் இந்திய யூனியனில் கரைந்தது. 1950இலிருந்து சாகும்வரை கிருஷ்ணனுக்கு எழுத்தும் படமும்தான் பிழைப்பு. அப்போது வயது 38ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆக, ஒருவர் ஏணியிலிருந்து தானே குதித்தார். இன்னொருவர் நின்ற ஏணி சரித்திரத்தில் காணாமல் போனது, அவர் வேறு ஏணி தேடவில்லை, அவ்வளவுதான். குதித்தவரைத்தான் உலகம் வீரர் என்கிறது. எனக்கென்னவோ இரண்டாவதும் அதே அளவு கடினம் என்றே படுகிறது. குதிப்பது ஒரு நாள் முடிவு. ஏணி தேடாமல் இருப்பதோ ஒவ்வொரு மாசமும், ஒவ்வொரு வாடகைத் தேதியிலும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு.

இருவர் ஊரையும் வரைபடத்தில் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. மினாஸ் ஜெராய்ஸ் என்ற பெயருக்கே 'பொதுச் சுரங்கங்கள்' என்றுதான் அர்த்தம். இரும்புத்தாது ஏற்றிய ரயில் ஐமோரெஸ் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. சந்தூர் மலைகளும் மாங்கனீசுக்கும் இரும்புக்கும் பேர்போனவை. பூமியைத் தோண்டி எடுத்துப் போவதையும் மேலே இருந்த காடு மொட்டையாவதையும் பார்க்கக்கூடிய ஊர்களில்தான் இரண்டு பேரும் வாழ்ந்தார்கள். ஒருவர் தோண்டுகிற மனிதனைப் பார்த்தார், மற்றவர் தோண்டுவதால் இடம்பெயர்கிற மிருகத்தைப் பார்த்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

இனி, அக்கா மகன் கேட்டதற்கு வருகிறேன்.

சல்காடோ தொடக்கத்தில் எல்லா வகைப் படத்தையும் தொட்டுப் பார்த்தார். 1973இலேயே நைஜரின் வறட்சியை எடுக்கப் போனார். 1974இல் சிக்மா, 1975இல் காமா, 1979இல் மேக்னம் என்று படமுகமைகள் வழியாகப் பத்திரிகை வேலை. முகமையில் இருந்தால் வேலை வரும், ஆனால் அடுத்தவர் சொல்லும் ஊருக்கு அடுத்தவர் சொல்லும் நாளில் போக வேண்டும். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில், புதிய ஜனாதிபதி ரீகனின் ஆரம்ப நாட்களைப் பற்றிய ஒரு பத்திரிகைப் பணிக்காக அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தார். ஓட்டல் வாசலில் துப்பாக்கி வெடித்தது. சுடப்பட்டவர்கள் கீழே கிடக்க, காவலர்கள் சுட்டவன்மேல் பாய்ந்து விழ, சல்காடோ கேமராவை இறக்கவில்லை. உலகம் முழுக்க அந்தப் படங்கள் விலைபோயின.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆப்பிரிக்கா போனார், தான் எடுக்க நினைத்ததை எடுக்க. ஒரு நிமிஷத்தில் எடுத்த படங்களை விற்று, மாதக்கணக்கில் நின்று எடுக்க வேண்டிய படங்களுக்கு நாள் வாங்கினார். 1984–85இல் சாஹேல் பஞ்சத்தில், மருத்துவ உதவிக் குழுக்களோடு சேர்ந்து அவர் செய்த நீண்ட வேலை அந்த வழியில் வந்ததுதான். லேலியாவின் பங்கை இங்கே அடிக்குறிப்பாக்கிவிடக் கூடாது. புத்தகங்களை வடிவமைத்தவர், கண்காட்சிகளை அமைத்தவர், 1994இல் மேக்னத்தை விட்டு வெளியே வந்து இருவருமாகச் சொந்த முகமை தொடங்கியபோது அதை நடத்தியவர் அவர். சல்காடோ காட்டிலும் முகாமிலும் கழித்த ஆண்டுகளில் பாரிஸ் வீட்டைத் தாங்கியது அந்தக் கை.

கிருஷ்ணனுக்கு ரீகன் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது பத்தி. 1950இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் கிராமப்புறக் குறிப்பேடு என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுத ஆரம்பித்தார். 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யில் காட்டுயிர்ப் படக்காரரின் நாட்குறிப்பாக ஒரு தொடர். 'இந்து'வில் ஒற்றை எழுத்துப் புனைபெயரில் கட்டுரைகள். தமிழிலும் எழுதினார், துப்பறியும் நாவல்கூட ஒன்று உண்டு, 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. அணில், காக்கை, ஓணான், மைனா, வேலி ஓரத்துப் பாம்பு என்று தோட்டத்தில் பார்த்ததை எழுதிய காசுதான் முதுமலைக்கும் பெரியாறுக்கும் அவரை ஏற்றி அனுப்பியது. வார்த்தை சம்பாதித்தது, படம் செலவழித்தது. 1968இல் நேரு நினைவு ஃபெலோஷிப் கிடைத்துத் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் கணக்கெடுத்தார். அதன் பிறகு வந்த அறிக்கைக்கான அனுபவம் 1959இலிருந்தே அவர் சொந்த முயற்சியில் சேர்த்தது.

இதைக் கேட்டதும் அக்கா மகன் சொன்னது சரியாகத்தான் இருந்தது: "ரெண்டு பேருமே கேமராவை வாங்கல மாமா, டைமைத்தான் வாங்கியிருக்காங்க."

கேமரா விஷயத்தில் அவன் சொன்னபடியே கிருஷ்ணன் வாங்கவும் இல்லை. அசாமில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டே காட்டுயிர் ஆய்வாளரான இ. பி. ஜீ, கிருஷ்ணனின் கருவியைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், எங்கெங்கிருந்தோ எடுத்த பாகங்கள், எல்லாவற்றையும் தானே ஒட்டவைத்துக் கட்டிய ஒன்று. கிருஷ்ணனே அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். பாரமென்றால் பெரும்பாரம் என்று அர்த்தம் வரும்படி. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இன்றைய கேமராபோல நொடிக்கு இருபது படம் எடுக்காது. அதைத் தூக்கி நிறுத்தி, குவியம் பார்த்து, ஒளியை அனுமானித்து, மிருகம் தலையைத் திருப்பும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். தவறினால் தவறியதுதான். இப்படிக் கட்டுப்பட்ட மனிதர் எடுக்கிற படம் வேறு மாதிரிதான் இருக்கும். எதைப் படமெடுக்க வேண்டாம் என்ற முடிவு, எடுப்பதற்கு முன்பே பல தடவை நடந்து முடிந்திருக்கும்.

பல நாள் அவர் படமெடுத்தது பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்து. காட்டுமிருகங்கள் தரையில் வரும் மனிதனைக் கண்டால் விலகும். யானையின் வாசனையும் உருவமும் அவற்றுக்குப் பழக்கம், மேலே இருப்பவனைப் பொருட்படுத்துவது குறைவு. பாகனுடைய சாமர்த்தியம் பாதி, யானையின் பொறுமை பாதி. யானை மூச்சு விட்டாலே லென்ஸ் ஆடும். அந்த ஆட்டத்துக்கிடையே எடுத்த படங்களில், மிருகத்தின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் ஆசை குறைவு. புல் இருக்கும், மரம் இருக்கும், மூங்கில் இருக்கும். தாவரவியல் படித்தவருக்குப் பின்னணி என்று ஒன்று கிடையாது என்றே எனக்குப் படுகிறது. மற்றவர்கள் பின்னால் மங்கலாக்கித் தள்ளுவதை அவர் மிருகத்தின் சாப்பாடாக, மறைவிடமாக, நிழலாகப் பார்த்தார். வெளிநாட்டு மரங்களைக் காட்டிலும் சாலையோரத்திலும் கொண்டுவந்து நடுவதை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்ததும் இதே படிப்பிலிருந்து வந்ததுதான்.

சல்காடோவிடமும் பழைய படிப்பு போகவில்லை. செர்ரா பெலாதா தங்கச் சுரங்கப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1986. வடக்கு பிரேசிலின் பாரா மாநிலத்தில் கையாலேயே தோண்டிய ராட்சதக் குழி. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். எந்திரம் கிடையாது. மரத்தில் அடித்த ஏணிகளில் மண் மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்து, ஒருவன் குதிகாலில் இன்னொருவன் முகம் படுகிற நெருக்கத்தில் ஏறுகிறார்கள். எறும்புச் சாரி என்று சொல்லிவிடலாம், பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் எறும்பு மறைந்துவிடுகிறது. உடம்பெல்லாம் ஒரே சேறு, அதனால் உடையும் தோலும் பிரித்தறிய முடியாது. முழங்கால் ஒவ்வொன்றும் வேறு கோணத்தில் மடங்கியிருக்கிறது. ஒருவன் ஏணிப் படியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருக்கிறான், அடுத்தவன் கீழே பார்க்கிறான். இன்னொரு படத்தில் ராணுவக் காவலனின் துப்பாக்கிக் குழலைச் சேற்று உடம்புக்காரன் ஒருவன் கையால் பிடித்து நிற்கிறான். இருவர் தோளும் ஒரே மாதிரி முறுக்கியிருக்கிறது, சீருடையை எடுத்துவிட்டால் யார் யார் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் கண் செய்த வேலை. இதன் கூடவே சல்காடோ எழுதிய விளக்கத்தைப் படித்தால்தான் பொருளாதாரம் படித்த மனிதர் தெரிவார். குழிக்குள் நிலம் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரன், கீழே கூலிக்காரர்கள். தங்க நரம்பு தட்டுப்பட்டால், அந்தத் துண்டில் வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூட்டையில் பொன்னும் இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். அடிமைபோலத் தெரியும் கூட்டத்தில் ஒவ்வொருவனும் ஒரு சூதாட்டக்காரன், ஒரு பங்குதாரன். இது தெரிந்த பிறகு அந்த முழங்கால்களின் வேகம் வேறாகத் தெரிகிறது. 1993இல் வந்த 'தொழிலாளர்கள்' புத்தகத்தில் கரும்பு, தேயிலை, கந்தகம், நிலக்கரி, கப்பலுடைப்பு என்று பொருள் பொருளாகப் பிரித்து வைத்ததும் இதே மூளைதான். தன்பாத் சுரங்கக்காரர்களும் ராஜஸ்தான் கால்வாயில் மண் சுமந்த பெண்களும் அதில் உண்டு. விளக்கங்களுக்கென்று தனியாகவே ஒரு சிறு புத்தகம் சேர்த்திருந்தார். பண்டங்களின் உற்பத்தியைப் பற்றி லண்டன் மேஜையில் எழுதிய அறிக்கையை, இருபது வருஷம் கழித்து, கை கால்களோடு எழுதினார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

பழைய தொழில் வரம் மட்டும் கொடுக்காது, குறையையும் கொடுத்தனுப்பும். சல்காடோவைப் பற்றிய முக்கியமான புகார் இரண்டு. துயரத்தை அழகாக்குகிறார் என்பது ஒன்று. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பசித்தவனைக் கவனமில்லாமல் எடுத்தால் மரியாதை கூடிவிடும் என்று யார் சொன்னது? இரண்டாவது புகார் உறைக்கிறது. சூசன் சோன்டாக் 2003இல் எழுதிய நூலில், இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய அவருடைய படங்களில் எளியவர்களுக்குப் பெயரே இல்லை என்று சுட்டினார். உண்மைதான். விளக்கத்தில் நாடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. மக்களை மொத்தமாகப் பார்க்கப் பழகிய கண் அது.

கிருஷ்ணனின் குறை எதிர்ப்பக்கம். காட்டைக் காடாக விட்டுவிட வேண்டும், மனிதக் கை படாமல் காக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்காதவர். வனவிலங்கு வாரியத்தில் பல்லாண்டு இருந்து அதற்காக வாதாடியவர், அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் அவர் படக்காட்டில் மனிதர் இல்லை. தேன் எடுக்கப் போனவர், விறகு பொறுக்கியவர், அவர் ஏறிய யானையின் பாகன்கூட, படச் சட்டகத்துக்கு வெளியே. அந்த மனிதர்களின் அறிவை மதித்தவர்தான். ஆனாலும் காடு அவருக்கு மிருகத்தினுடையது, மரத்தினுடையது. இருவர் படங்களையும் ஒரே மேஜையில் வைத்தால், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் நிற்பதுபோல இருக்கிறது.

தங்கள் முக்கியமான படங்களில் வண்ணத்தைத் தொடாதது இருவருக்கும் பொது. வண்ணம் தெரியாத காலம் அல்ல அது. சல்காடோ செர்ரா பெலாதா போனபோது பத்திரிகைகள் வண்ணத்துக்கு மாறி வெகுநாள் ஆகியிருந்தது. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். காரணங்கள் வேறாக இருக்கலாம். விளைவு ஒன்று. உருவத்தின் விளிம்பும் வெளிச்சம் விழுகிற திசையும் முன்னுக்கு வருகின்றன, பார்ப்பவன் சாவகாசமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1994இல் ருவாண்டா இனப்படுகொலையைப் படமெடுத்த பிறகு சல்காடோ நொறுங்கிப் போனார். இருபது வருஷத்துக்கு முன்பு தோட்டத் திட்டம் போட வந்த அதே நாடு. இடையில் 1991இல் தேயிலைத் தோட்டங்களைப் படமெடுக்கவும் வந்திருந்தார். மூன்றாவது தடவை அந்தச் சாலைகளில் பிணம் கிடந்தது. உடம்பு படுத்தது, கேமராவைத் தொடப் பிடிக்கவில்லை. அவரும் லேலியாவும் ஐமோரெஸ் பண்ணைக்குத் திரும்பினார்கள். அப்பா காலத்தில் காடாக இருந்த இடம் வெடித்த தரையாகக் கிடந்தது. மறுபடி காடு வளர்ப்போம் என்றார் லேலியா. 1998இல் தொடங்கிய 'இன்ஸ்டிடியூட்டோ தெர்ரா' இதுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டிருக்கிறது. எல்லாம் அந்த மண்ணுக்குரிய அட்லான்டிக் காட்டு மரவகைகள். கிருஷ்ணன் பார்த்திருந்தால் முதலில் மரப்பட்டியலைத்தான் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மரம் வந்த பிறகு மறுபடி கேமரா வந்தது. 2004இல், அறுபது வயதில், மனிதர்களை மட்டுமே எடுத்தவர் முதல் தடவையாக மிருகத்திடம் போனார். கலாபகோஸ் தீவில் ஒரு ராட்சத ஆமை. நின்றுகொண்டு நெருங்கினால் அது விலகிப் போயிற்று. மண்டியிட்டார். உள்ளங்கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, அதன் உயரத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு ஊர்ந்தார். அது முன்னால் வந்தால் இவர் பின்வாங்கினார், மரியாதைக்கு. நாள் முழுக்க இப்படி. பிறகுதான் ஆமை அவரைப் பக்கத்தில் விட்டது. சம்மதம் வாங்காமல் முகத்தை எடுக்கக் கூடாது என்று அகதி முகாம்களில் கற்றதை ஆமையிடமும் கடைப்பிடித்திருக்கிறார்.

யானை மேல் ஏறி மிருகத்தின் கண்ணுக்கு மறைந்தவர் ஒருவர், தரையில் விழுந்து மிருகத்தின் கண்ணுக்கு நேரே வந்தவர் ஒருவர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இருவரிடமும் அவசரம் இல்லை. அப்படிக் காத்திருந்த நாட்களுக்கு யாரோ விலை கொடுத்திருந்தார்கள். ஒருவருக்குப் பழைய படங்களும் லேலியாவும், மற்றவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. சல்காடோ 2025 மே மாதம் பாரிஸில் இறந்தார். கிருஷ்ணனின் பத்தி 46 வருஷம் ஓடியது, 1996 பிப்ரவரியில் அவர் இறக்கும்வரை.

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சொன்னேன். அவன் பழைய வேலையில் எழுதியது சரக்குப் போக்குவரத்துக்கான மென்பொருள். எந்தப் பெட்டி எந்த லாரியில், எந்தக் கிடங்கில், யார் கணக்கில் என்று பார்க்கிற வேலை. பழைய ஆட்களுக்கே மாசத்தில் ஒரு வாரம் புரோகிராம் எழுதிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறான், அந்தக் காசு வருகிற மாசங்களில் புதன்கிழமை விடியலில் காசிமேட்டு மீன் ஏலத்தைப் படமெடுக்கப் போகிறான். யாரும் கேட்டு இல்லை.

போன வாரம் ஒரு படம் காட்டினான். ஏலம் முடிந்த நேரம். ஐஸ் உருகி ஓடுகிற தரையில் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கடுக்காக. மீன் சரியாகக்கூடத் தெரியவில்லை. ஒரு பெட்டியின் ஓரத்தில் பெயின்ட்டால் எழுதிய இரண்டு எழுத்து, அதன்மேல் ஒரு பெண்ணின் கை, விரல்களில் செதில் ஒட்டியிருக்கிறது.

"இந்த எழுத்துதான் மாமா யாரோட பெட்டின்னு சொல்லும்," என்றான். "அழிஞ்சிருச்சுன்னா சண்டைதான். அந்தம்மா பேரு கேட்டு எழுதி வெச்சிருக்கேன்."